தக்கணத்துக் கருங்கல் கூறும் வரலாறு

வட்டுக்கோட்டையிற் கிணறு அகழ்வோர் மேன்மண்ணை நீக்கியதும் காண்பது சுண்ணக்கல். அதிற் கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் பதிந்துள. இன்று நெல்லும் பனையும் விளங்கும் இந்நிலம் மயோசீன் காலத்திற் கடலடியாய்க் கிடந்தது என்பதற்கு அவ்வோடுகளே சான்று. கடலடியாயிருந்த நிலம் தன் பழமையைச் சிப்பியாற் கூறுகின்றது. வானளாவி நிற்கும் மேட்டுநிலம் எதனாற் கூறும்? அது தோன்றியபொழுதே உயர்ந்திருந்ததா, பின்னர் உயர்ந்ததா என அறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஏற்ற நிலம் பாரதத்தின் தக்கணமாகும்.

மகாராட்டிரத்தையும் அதனைச் சூழ்ந்த நாடுகளையும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் சதுரமைல் அளவுக்கு எரிமலைக் கருங்கல் மூடியுளது. இது கூம்பு வடிவான ஒரு மலையினின்று பொங்கியதன்று. நிலத்தின் நீண்ட வெடிப்புகளினூடாக எழுந்த தீக்குழம்பு வெள்ளம்போற் பரந்து, ஆறி, அடுக்கின்மேல் அடுக்காய் உறைந்தது. இந்நிகழ்ச்சி இற்றைக்கு ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. மேற்குப் பகுதியில் அவ்வடுக்குகளின் மொத்தத் தடிப்பு 6,000 அடியையும் விஞ்சும். 1833ஆம் ஆண்டில் இப்பாறைகளை விரித்துரைத்தவர் சைக்ஸ் என்னும் படை அதிகாரி. மலைச்சரிவுகள் படிக்கட்டுப் போலத் தோன்றுதலின், படியைக் குறிக்கும் சுவீடியச் சொல்லடியாகப் பிறந்த பெயர் இவற்றுக்கு வழங்கலாயிற்று. சிவாஜி 1674இல் முடிசூடிய இராயகட் கோட்டை இப்படிகளின் உச்சியில் உளது. எல்லோராவிலே கைலாசநாதர் கோயில் இக்கல்லைக் குடைந்தே ஆக்கப்பட்டது.

உருகிய குழம்பு தாழ்வை நாடி ஓடும். பள்ளங்களை நிரப்பியபின் ஏறக்குறையத் தட்டையாகவே உறையும். ஆகவே அதன் மேற்றளம் கொத்தன் சுவரில் வைக்கும் நீர்மட்டத்தை ஒத்தது. பிற்காலத்தில் அது சரிந்தோ வளைந்தோ காணப்படின், அசைந்தது அடியிலுள்ள நிலமே என்று துணியலாம். மும்பைக்கு அணித்தான பன்வெல் பக்கத்தில் இவ்வடுக்குகள் கடலை நோக்கி வளைந்து சரிகின்றன. குழம்பு உறைந்த பின்னர் மேற்குக்கரை நிலம் அசைந்தது என்பதற்கு இது முதற் சாட்சி.

இரண்டாவது சாட்சி அடுக்குகளின் இடையே உளது. ஒரு வெள்ளம் ஆறியபின் மறுவெள்ளம் வருமுன் ஏரிகளும் செடிகளும் தோன்றுதற்குக் காலம் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்தீபன் ஹிஸ்லொப் என்னும் பாதிரியார் நாகபுரிப் பக்கத்தில் அவ்விடைப்படைகளினின்று நன்னீர் நத்தைகளின் ஓடுகளையும் செடிகளின் எச்சங்களையும் திரட்டினார். கிழக்கே இராசமகேந்திரபுரத்திலோ கரையோர உவர்நீர்ச் சிப்பிகள் கிடைக்கின்றன. அங்குள்ள கருங்கல், மேற்குத் தொடர்மலைப் பக்கத்தினின்று ஏறத்தாழ 600 மைல் ஓடிச் சென்ற குழம்பே என ஆராய்ந்தோர் கருதுவர். அஃது உண்மையாயின், அந்நாளிலேயே நிலம் மேற்கினின்று கிழக்கே மெல்லச் சாய்ந்திருத்தல் வேண்டும். அரபிக்கடலுக்கு 50 மைல் அளவிற் பிறக்கும் கோதாவரி அக்கடலை விடுத்து, 900 மைல் நடந்து வங்கக்கடலை அடைவதும் இச்சாய்வினாலாம்.

சாய்வு பழையதெனின், உயரமும் பழையதோ? இதற்கு விடை கூறுவது செம்பூரான்கல். வெப்பமும் மழையும் மிக்க நாட்டில், அரிப்புக் குறைந்த சமநிலத்திற் பாறை நெடுங்காலம் உக்குதலால் அது தோன்றும். மகாபலேசுவரத்திலும் பஞ்சகனியிலும் 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், கருங்கல்லின் தலையிலே அது தட்டையான மூடிபோல் அமைந்துளது. செங்குத்தான இன்றைய மலைமுகட்டில் அத்துணைப் பரந்த மூடி உருவாதல் அரிது. தாழ்ந்த சமநிலத்தில் உருவானது பின்னர் மேலே தூக்கப்பட்டது என்பதே பொருந்தும். மைக் விடோசன், கீத் கொக்ஸ் என்போர் 1996இல் இக்கற்களையும் ஆறுகளின் போக்கையும் ஒருங்கே ஆராய்ந்து, கரையோரத்துப் பாறை அரிக்கப்பட்டுப் பாரம் குறைந்தமையால் நிலம் எழுந்தது என விளக்கினர். பாரம் இறக்கிய தோணி நீரில் உயர்வதை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். எனவே தக்கணத்தின் சாய்வு பழையது. அதன் மேற்கு விளிம்பின் இன்றைய உயரம் பிந்தியது.

குழம்பினுள் அகப்பட்ட வாயுக் குமிழிகளைக்கொண்டு பண்டை உயரத்தை அளக்கும் முறையும் உண்டு. ஓர் அடுக்கின் மேற்பகுதிக் குமிழி வளியின் அமுக்கத்தை மட்டும் தாங்கும். அடிப்பகுதிக் குமிழி குழம்பின் பாரத்தையும் சேர்த்துத் தாங்கிச் சிறுக்கும். இரண்டின் பருமனையும் அடுக்கின் தடிப்பையும் ஒப்பிட்டால் அந்நாளைய வளியமுக்கம் புலனாகும்; அமுக்கத்தால் உயரம் புலனாகும். அமெரிக்காவின் கொலராடோ மேட்டுநிலத்தில் சகாகியன் முதலியோர் 2002இல் இம்முறையைக் கையாண்டனர். அவர்தம் முடிபை ஏற்காதாரும் உளர். தக்கணத்துக் குமிழிகள் பலவற்றைப் பின்வந்த நீர் சியோலைற்று முதலிய கனியங்களால் நிரப்பிவிட்டது.

இனி, இலங்கையை நோக்குவோம். இந்நாட்டிலும் தாழ்நிலம், இடைநிலம், உயர்நிலம் என மூன்று படிகள் உள. 1929இல் அடம்ஸ் என்பார் அவற்றை வெவ்வேறு காலத்து அரிப்புத் தளங்கள் என்றார். 1938 முதல் இலங்கை அரசின் கனியவியலாளராயிருந்த வாடியா, நிலம் துண்டம் துண்டமாய் உயர்ந்தமையால் அவை ஆயின என்றார். வழக்குத் தீர்வது எளிதன்று. மத்திய மலைநாட்டின் பாறைகள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருமாறியவை. அவற்றின்மேல் நீர்மட்டம் வைத்தாற்போலப் படிந்த எரிமலைத் தளம் யாதும் இல்லை. படி என்னும் தோற்றம் ஒன்றாயினும், தக்கணத்திற் சாட்சி உண்டு. ஈண்டு அத்தகைய சாட்சி இல்லை.

வரலாறு பயில்வோர் இதனாற் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. கண்முன் உயர்ந்து நிற்பது என்றும் உயர்ந்தே நின்றது எனக் கொள்ளலாகாது; தாழ்ந்து கிடப்பது என்றும் தாழ்ந்தே கிடந்தது எனவும் கொள்ளலாகாது. சாட்சியைத் தேடி, அது கூறுமளவே கூறுதல் அறிஞர்க்கு அழகு. வட்டுக்கோட்டைக் கிணற்றுச் சுண்ணக்கல்லும் மகாபலேசுவரத்துச் செம்பூரான்கல்லும் புகட்டும் பாடம் இதுவேயாம்.