போர் ருவாயால் மடமும் ஒரு கையெழுத்தும்

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கையெழுத்தின் மதிப்பு எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த சில கன்னியாஸ்திரிகளைப் பற்றிப் படித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு பஸ்கால் கணக்கிலும் வருவார், இலக்கியத்திலும் வருவார். அவருக்கு ஜாக்லீன் என்று ஒரு தங்கை இருந்தார். தகப்பனார் இறந்த சில மாதங்களில், 1652 ஜனவரியில், அண்ணன் தடுத்தும் கேளாமல் 26 வயதில் போர் ருவாயால் மடத்தில் சேர்ந்தார். பாரீசில் ஒன்றும், அதற்குத் தென்மேற்கே ஒரு பள்ளத்தாக்கில் ஒன்றுமாக அந்த மடத்துக்கு இரண்டு இல்லங்கள்.

அந்த மடத்தைச் சீர்திருத்தியவர் ஆஞ்செலிக் அர்னோ. 1602இல், சுமார் 11 வயதில், குடும்பத்தாரின் செல்வாக்கால் தலைவியாக்கப்பட்டவர். துறவறத்தில் அவருக்கு விருப்பமே இல்லை. ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தார். 1608இல் கேட்ட ஒரு பிரசங்கம் அவரை மாற்றியது. மறு வருடம் செப்டம்பர் 25ஆம் தேதி, பார்க்க வந்த சொந்தத் தகப்பனையே மடத்து விதிப்படி உள்ளே விடவில்லை. கதவிலிருந்த சிறு ஜன்னல் வழியாகத்தான் பேசினார். தகப்பனார் கோபித்தார், கெஞ்சினார். மகள் மயங்கி விழுந்தாரே தவிர விதியை மாற்றவில்லை. அப்போது அவருக்கு வயது 18.

பெரிய சோதனை 1661இல் வந்தது. ஜான்சேனியுஸ் என்ற மேற்றிராணியார் எழுதிய லத்தீன் நூலில் ஐந்து தவறான கருத்துகள் இருப்பதாக ரோமாபுரி தீர்ப்பளித்திருந்தது. அதை ஒப்புக்கொண்டு குருக்களும் கன்னியாஸ்திரிகளும் கையெழுத்திட வேண்டும் என்று பதினான்காம் லூயி மன்னர் வற்புறுத்தினார். அந்தக் கருத்துகள் தவறு என்பதை ஏற்க மடத்துப் பெண்கள் தயார்தான். ஆனால் அவை அந்த நூலில் இருக்கின்றன என்று எப்படிச் சொல்வது? நூலை அவர்கள் படித்ததில்லை. படிக்க லத்தீனும் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று கடவுள் முன் எழுதித் தருவது பொய்யல்லவா?

ஜாக்லீன் இதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து, விளக்கம் எழுதிச் சேர்த்த ஒரு வாசகத்துக்கு மனமின்றிக் கையெழுத்திட்டார். அந்த அக்டோபரிலேயே இறந்துபோனார்.

1664 ஆகஸ்டில் பாரீஸ் பேராயர் பெரெஃபிக்ஸ் நேரில் வந்தார். மறுத்தவர்களுக்கு நற்கருணை கிடையாது என்றார். சில நாளில் 12 பேரைப் பிரித்து வேறு வேறு மடங்களில் அடைத்தார். ஆஞ்செலிக்கின் அண்ணன் மகளும் அதில் இருந்தார். அந்தத் தனிமையில் தெய்வச் செயலையே சந்தேகிக்கும் இருட்டு தனக்குள் வந்ததை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். திருச்சபைக்காக எல்லாவற்றையும் விட்டு வந்தவரைத் திருச்சபையே தண்டித்தால் மனம் வேறெங்கே போய் நிற்கும்?

மடத்துக்குள்ளும் பிளவு. கையெழுத்திட்டவர்கள் ஒரு பக்கம், மறுத்தவர்கள் ஒரு பக்கம். ஒரே மேசையில் சாப்பிட்ட சகோதரிகள் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. கையெழுத்திட்ட சிலர் உறுத்தல் தாங்காமல் அதைத் திரும்பப் பெற்றனர். அவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வருத்தம். 1709இல் எஞ்சியிருந்த வயதான கன்னியாஸ்திரிகளையும் அரசாங்கம் வெளியேற்றி, பிறகு பள்ளத்தாக்கு மடத்தை இடித்துத் தள்ளியது.

என் பணிக்காலத்தில் ஒருமுறை, நான் எண்ணிப் பார்க்காத சாமான்களுக்கு 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போடச் சொன்னார் மேலதிகாரி. வீட்டில் மூன்று பிள்ளைகள். போட்டுவிட்டேன். பிறகு யாரும் கேட்கவில்லை, எந்தத் தொந்தரவும் வரவில்லை. ஆனாலும் பேரேட்டின் அந்தப் பக்கம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.