பாட்டியின் பக்தியும் பேரனின் பக்தியும்



தெய்வ நம்பிக்கை உடைய அரசன் நல்லரசனாகவே இருப்பான் என்று பொதுவாக எண்ணுகிறோம். இவ்வெண்ணம் எந்த அளவுக்கு உண்மை? நம் மதுரை நாட்டு வரலாறே இதற்கு விடை கூறுகிறது. ஒரே குடும்பத்தில் பிறர் ஐயுறாத பக்தி கொண்ட இருவர் அடுத்தடுத்து ஆட்சி நடத்தினர். ஒருவர் இராணி மங்கம்மாள். மற்றவர் அவருடைய பேரன் விசயரங்க சொக்கநாதர். முன்னவர் காலத்தில் நாடு நிமிர்ந்தது. பின்னவர் காலத்தில் தளர்ந்தது. காரணம் யாது என்பதே இன்று நாம் ஆராயவிருப்பது.

மங்கம்மாள் சொக்கநாத நாயக்கரின் மனைவி. கணவர் 1682-இல் காலமானார். மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் 1689-இல் பெரியம்மை நோயால் இளமையிலேயே மறைந்தார். அப்பொழுது மருமகள் கருவுற்றிருந்தாள். ஆண்மகவை ஈன்ற சின்னாட்களில் அவளும் உயிர் நீத்தாள். கைக்குழந்தையான பேரனுக்கு முடிசூட்டி, அவன் பெயரால் நாட்டை ஆளும் பொறுப்பை மங்கம்மாள் ஏற்றார். வடக்கே முகலாயப் பேரரசு, மேற்கே மைசூர், கிழக்கே தஞ்சை, தெற்கே இராமநாதபுரம் என நாற்புறமும் நெருக்கடி சூழ்ந்த நேரம் அது.

முகலாயத் தளபதி சுல்பிகார் கான் தென்னாட்டில் பெரும்படையுடன் நின்றபோது, மங்கம்மாள் போருக்கு எழவில்லை, திறை செலுத்தினார். இது கோழைமை என்று சிலர் கூறலாம். உலக வரலாற்றில் இதற்கு ஒப்பான ஒரு நிகழ்ச்சி உண்டு. கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் யூதேயா நாட்டை ஆண்ட எசேக்கியா மன்னர், விவிலியம் பெரிதும் போற்றும் பக்திமான். அசீரியப் பேரரசன் சனகெரிப் கி.மு. 701-இல் படையெடுத்து வந்தபோது அவரும் திறை கொடுத்தார். முப்பது தாலந்து பொன் கொடுத்ததாக விவிலியமும் அசீரியக் கல்வெட்டும் ஒருங்கே கூறுகின்றன. ஆயினும் அவர் பொன்னை மட்டும் நம்பியிருக்கவில்லை, வேண்டுதலோடும் நின்றுவிடவில்லை. நகருக்கு வெளியே இருந்த ஊற்று நீரை, பாறையைக் குடைந்து ஏறத்தாழ 533 மீட்டர் நீளமுள்ள சுரங்க வழியாக எருசலேமின் உள்ளே கொணர்ந்தார் என்பது மரபு. அச்சுரங்கத்தை இன்றும் காணலாம். வேண்டுதல் ஒரு கையும் உழைப்பு மறு கையுமாக இருந்தால்தான் நம்பிக்கை ஆட்சிக்குப் பயன்படும் என்பதை இம்மன்னர் வாழ்க்கை காட்டுகிறது.

மங்கம்மாளும் அத்தகையவரே. வலியவனிடம் பணிந்து பெற்ற அமைதியை வீணாக்காமல், நாட்டை உறுதிப்படுத்தப் பயன்படுத்தினார். 1697-இல் தளவாய் நரசப்பையன் தலைமையில் திருவிதாங்கூர்மீது படை அனுப்பி, நிலுவையில் இருந்த திறையைப் பெற்றார். 1700-ஐ ஒட்டி மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணையிட்டுத் தண்ணீரைத் தடுத்தபோது, தாம் சற்று முன்னர்ப் போரிட்ட தஞ்சை மன்னருடனேயே கைகோத்து அதை எதிர்க்க முனைந்தார். படை சேருமுன் வெள்ளமே அணையை உடைத்தது. எனினும், உழவனின் வயலுக்காக நேற்றைய பகையை மறந்த அந்த மனப்பாங்கு நாம் நினைவில் வைக்கத் தக்கது.

அவருடைய பக்தி எங்கே வெளிப்பட்டது? மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்கு அவர் செய்த பணிகளைப் பலரும் அறிவர். ஆனால் அத்துடன் அது முடியவில்லை. சேது நாட்டில் கிறித்தவத் துறவி ஜான் டி பிரிட்டோ 1693-இல் ஓரியூரில் கொலையுண்ட காலம் அது. அதே நாட்டில் சிறைப்பட்டிருந்த மெல்லோ என்னும் பாதிரியாரை விடுவிக்குமாறு மங்கம்மாள் கேட்டு, அவர் விடுதலை பெறச் செய்தார். இஸ்லாமியரின் தர்காவுக்கும் மானியம் அளிக்கப்பட்டது. தம் தெய்வத்தை உறுதியாக வணங்கிய ஒருவர், பிறர் தெய்வத்தை வணங்குவதற்கும் காவலாக நின்றார்.

விளாங்குடி வழியே திண்டுக்கல் செல்லும் சாலையில் இன்று பேருந்துகள் விரைகின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர்ப் பயணம் என்றால் வெயிலில் நடப்பதே. அத்தகைய வழிப்போக்கர்க்காக மங்கம்மாள் சாலைகள் அமைத்தார், நிழல் மரங்கள் வைத்தார், சத்திரங்கள் எழுப்பினார். மதுரை இரயில் நிலையத்தின் எதிரே அவர் பெயர் தாங்கிய சத்திரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அச்சாலைகளில் நடப்பவன் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று மரத்தின் நிழல் கேட்பதில்லை.

அவர் குறையற்றவர் அல்லர். அடுத்தடுத்து வந்த வெற்றிகளின் ஊக்கத்தில் 1702-இல் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதிமீது படை ஏவினார். அப்போரில் படை தோற்றது, நரசப்பையனும் வீழ்ந்தார். வெற்றிக்குப் பிறகே தலைவனுக்கு அடக்கம் மிகுதியாக வேண்டும் என்பதை அத்தோல்வி கற்பிக்கிறது.

பின்னர் விசயரங்கர் 1706 முதல் 1732 வரை ஆண்டார். அவர் பக்தியில் எள்ளளவும் குறையில்லை. தலந்தோறும் யாத்திரை சென்றார். கோயில்களுக்கு வாரி வழங்கினார். திருவரங்கத்தில் அவருடைய திருவுருவத்தை இன்றும் காண்கிறோம். ஆனால் ஆட்சிப் பொறுப்பு அமைச்சர் கையில் கிடந்தது, கருவூலம் மெலிந்தது, படை தளர்ந்தது. அவர் மகப்பேறின்றி மறைந்தபின், அரசி மீனாட்சி நான்கு ஆண்டுகளே தாக்குப்பிடித்தார். 1736-இல் சந்தா சாகிப் கைக்குத் திருச்சிராப்பள்ளி மாறியது. இரு நூற்றாண்டுகள் நீடித்த நாயக்கர் அரசு முடிந்தது. யூதேயாவிலும் இதுவே நடந்தது. எசேக்கியாவுக்குப் பின் பன்னிரண்டு வயதில் பட்டமேறிய மகன் மனாசே, தந்தை செய்த சமயச் சீர்திருத்தங்களைத் தலைகீழாக்கினான்.

ஆகவே, மாணவர்களே, பேரனுக்குப் பக்தி இருந்தது, பொறுப்பு இல்லை. பாட்டியிடம் பக்தியே பொறுப்பாக மாறியிருந்தது. இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்தவனே தலைவனாவதற்குத் தகுதி பெறுகிறான். முடியும் செல்வமும் பிறப்பால் வந்து சேரலாம். பொறுப்புணர்ச்சி அவ்வாறு வருவதில்லை. அதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகப் பயின்றே பெறவேண்டும். நாளை ஊராட்சியிலோ, பள்ளியிலோ, அலுவலகத்திலோ சிறியதொரு பொறுப்பு உங்களைத் தேடி வரும். அன்று உங்கள் நம்பிக்கை எத்தகையது என்பதை, நீங்கள் சொல்லும் வழிபாட்டுச் சொற்களைவிட, உங்களை நம்பியிருப்பவர் அடையும் நலனே எடுத்துரைக்கும்.