மலைக்குப் போற பாதையும் நம்ம போடியும்



கூட்டமைப்பு மலருக்கு நம்ம ஊர் வரலாறு எழுதித் தரணும்னு கூட்டத்துல சொன்னப்ப, பத்தாவது வரை படிச்சவ நான் என்னத்த எழுதன்னு முதல்ல தயங்கினேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். ஜமீன் வரலாறு, கோயில் வரலாறு எழுத ஆள் இருக்கிறார்கள். ஆனால் விடியக்காலம் தெருமுனையில் ஜீப் ஹாரன் கேட்டதும் தூக்குவாளியோட ஓடுறது நாமதான். நாம போற பாதையும் நம்ம ஊர் வரலாறுதானே. அதையே எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது. கொட்டக்குடி ஆறு மலையிலிருந்து இறங்கி நம்ம ஊர்ப்பக்கம் ஓடுகிறது. பாளையக்காரர் காலத்தில் நாயக்கர்கள் ஆண்டதால் இந்தப் பேர் வந்தது. பிறகு அது ஜமீன் ஆனது. ஜமீன் அரண்மனையில் லட்சுமி விலாசம் என்ற பகுதியில் ராமாயணக் கதையைச் சுவரில் ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். 1996 வரைக்கும் நாம மதுரை மாவட்டத்து ஆட்கள். அந்த வருஷம்தான் தேனி தனி மாவட்டம் ஆனது.

ஆனால் போடியைப் பேர் சொல்ல வைத்தது அரண்மனை இல்லை. மலைக்கும் கீழ்நாட்டுக்கும் நடுவில் இது வாசற்படி மாதிரி இருக்கிறது. மேலே விளைந்ததெல்லாம் இந்த வாசற்படி வழியாத்தான் இறங்கியது. கீழே இருந்து அரிசி, பருப்பு இதே வழியாத்தான் ஏறியது.

வெள்ளைக்காரர்கள் மூணாறு பக்கம் தேயிலை போட்ட காலத்தில் சாமான்களைத் தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும் கொண்டு போனார்கள். 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டு, வண்டியை மாடு கட்டி இழுத்தார்கள். 1908-ல் அது எஞ்சின் இழுக்கிற சின்ன ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனில் இருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே கொட்டக்குடிப் பக்கம் இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வரும். அப்புறம் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறும். சீமையில் குடித்த டீ நம்ம போடித் தெரு வழியாப் போனதுதான்! 1924-ல் வந்த பெரிய வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. திரும்பப் போடவே இல்லை. இன்னைக்கு டாப் ஸ்டேஷன் என்ற பேர் மட்டும் இருக்கிறது, ஸ்டேஷன் இல்லை.

கீழே மதுரையிலிருந்து போடிக்கு ரயில் 1928-ல் வந்தது. ஏலக்காய், காப்பி, இலவம்பஞ்சு எல்லாம் ரயில் ஏறின. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இரும்பு வேணும்னு தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டார்கள். 1950-களில்தான் மறுபடி போட்டார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தப்ப அந்த மீட்டர்கேஜ் ரயிலில் போயிருக்கிறேன். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறைக்கு நடுவே போகும்போது எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கத்துவோம். அகலப்பாதை ஆக்கணும்னு 2010 கடைசியில் அதையும் நிறுத்தினார்கள். சீக்கிரம் வந்துரும்னுதான் எல்லாரும் நினைத்தோம். தேனி வரைக்கும் வர 2022 ஆனது. போடிக்கு 2023 ஜூன் 15-ல்தான் வந்தது. அன்னைக்கு ஸ்டேஷனில் அப்படி ஒரு கூட்டம். பிறந்ததிலிருந்து நம்ம ஊரில் ரயிலையே பார்க்காத பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். இப்போ சென்னைக்கே இங்கேயிருந்து ரயில் ஏறலாம்.

இனி மலைப்பாதைக்கு வருகிறேன். போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சியிலிருந்து வருகிற தேசிய நெடுஞ்சாலை இதுதான். மெட்டைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்கள். 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலம் பிரிச்சப்ப தேவிகுளம், பீர்மேடு கேரளாவோடு போயின. மெட்டில் செக்போஸ்ட் இருக்கிறது. தினமும் மாநிலம் விட்டு மாநிலம் போய் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி வந்து சோறாக்குகிறவர்கள் நம்ம ஊர்ப் பெண்கள்.

எங்க அம்மா 18 வருஷம் மலைக்குப் போனவுக. ஏலக்காய் மரத்தில் காய்க்கிறது இல்லை. செடியின் அடியில், தரையை ஒட்டிச் சரம் சரமாகக் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்கணும். முற்றின காயை மட்டும் எடுக்கணும், பிஞ்சில் கை படக்கூடாது. ஒரு தடவை எடுத்தால் மூணு வாரம் போல விட்டு அடுத்த எடுப்பு. மழை, பனி, அட்டைக்கடி எல்லாத்தையும் தாங்கணும். அம்மா சேலைக்கு மேல அப்பாவோட முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, முந்தியில உப்பும் சுண்ணாம்பும் முடிஞ்சு எடுத்துட்டுப் போவாக. எடுத்த பச்சைக் காயை ஸ்டோரில் சூடு கொடுத்து உலர்த்துவார்கள். 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் கிட்டத்தட்ட 1 கிலோதான் தேறும்.

அந்தக் காய் போடிக்கு இறங்கி வந்தால் மறுபடியும் பெண்கள் கைக்குத்தான் வருகிறது. சலித்து 8 எம்.எம்., 7 எம்.எம். என்று தரம் பிரிக்கணும். வெடித்தது, நிறம் மங்கினது எல்லாவற்றையும் பொறுக்கணும். தரம் பிரிச்சால்தான் விலை ஏறுகிறது. பாயசத்தில் போடுகிற ஒரு ஏலக்காய்க்குப் பின்னால் எத்தனை பெண்களின் கை இருக்கிறது என்று பாருங்க.

மலைக்கும் ஊருக்கும் போக்குவரத்து இருந்ததால் நம்ம பழக்க வழக்கமும் கலந்துதான் இருக்கிறது. ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் கேட்கலாம். மலைக்குப் போய் வந்தவுக பேச்சுல மலையாளமும் ஒட்டிக்கிடும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா என்றால் மலையில் தங்கி வேலை செய்கிறவர்களும் இறங்கி வந்துவிடுவார்கள்.

இந்தப் பாதை அடைபட்டால் நம்ம வீட்டு அடுப்பும் அடைபடும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை பெருசானப்ப எல்லைப் பாதைகள் அடைபட்டன. தோட்டத்தில் இருந்த பெண்கள் பலர் காட்டுப்பாதையில் நடந்தே இறங்கி வந்தார்கள். 2020-ல் கொரோனா வந்தப்ப செக்போஸ்ட் மூடி, மாசக்கணக்கில் வேலை இல்லை. அந்தச் சமயம் எங்க குழுவில் பல வீடுகளைக் காப்பாற்றியது சேமிப்புப் பணமும் உள்கடனும்தான்.

இவ்வளவும் எழுதினது ஒரு விஷயத்துக்காகத்தான். தேயிலைப் பெட்டி அலுங்காமல் இறங்க 100 வருஷத்துக்கு முன்னாலேயே கம்பிவடம் போட்டார்கள். சரக்குக்கும் பயணிக்கும் ரயில் வந்தது, போனது, திரும்பவும் வந்துவிட்டது. காய் எடுக்கப் போகிற பெண்ணுக்கு மட்டும் இன்னைக்கும் அதே ஜீப்தான். ஏற்றக் கூடாத அளவு ஆளை ஏற்றி, பின்னாடி நின்னுகிட்டே போக வைக்கிறார்கள். எங்க தெரு அக்கா ஒருத்தர் ஜீப் கவிழ்ந்து இடுப்பு ஒடிந்து, இன்னைக்கும் கட்டிலை விட்டு எழுந்திரிக்கவில்லை. அவருக்கு 10 ரூபாய் நஷ்டஈடு தர ஆளில்லை. காப்பீடும் போடவில்லை.

அதனால் கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன்.

ஒண்ணு, விபத்துக் காப்பீடு. வங்கிக் கணக்கு வழியாச் சேருகிற பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்துக்கு வருஷத்துக்கு 20 ரூபாய்தான். 18 வயசிலிருந்து 70 வயசு வரை சேரலாம். விபத்தில் உயிர் போனால் வீட்டுக்கு 2 லட்சம் கிடைக்கும். மலைக்குப் போகிற ஒரு உறுப்பினர்கூட இதில் விடுபடக் கூடாது. குழுக் கூட்டத்தில் பேர் வாசிச்சுச் சரி பார்க்கணும்.

ரெண்டு, அளவுக்கு மேல ஆள் ஏற்றின ஜீப்பில் ஏறமாட்டோம்னு எல்லாக் குழுவும் சேர்ந்து முடிவெடுக்கணும். ஒருத்தி மட்டும் சொன்னால், "நீ நாளைக்கு வராத"ம்பாக. ஊரே சொன்னால் என்ன செய்வாக?

மூணு, காலையில் மெட்டுக்குப் போகவும் சாயங்காலம் திரும்பவும் தொழிலாளர்களுக்கு என்று அரசுப் பேருந்து கேட்டு, கூட்டமைப்பில் தீர்மானம் போட்டு மனு கொடுக்கணும். 12 வருஷம் காத்திருந்து ரயிலையே வரவழைத்த ஊர் இது. ஒரு பஸ்ஸு வராமலா போயிரும்?

அம்மாவுக்கு இப்போ முட்டி வலி, மலைக்குப் போவதில்லை. ஆனாலும் விடியக்காலம் ஹாரன் சத்தம் கேட்டால் எழுந்து வாசலில் உட்கார்ந்துகொள்வாக. சாயங்காலம் ஜீப் திரும்பின பிறகுதான் அவுகளுக்கு மனசு ஆறும். "எல்லாரும் வந்துட்டாகளா?"ன்னு கேட்பாக.

எல்லாரும் வந்து சேரணும் அக்காமாரே.