திருவிருந்துப் பாத்திரமும் சேரியின் குடியும்

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். பாப்பாரப்பட்டி அப்போது அதற்குள்தான் இருந்தது. அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, குடி என்றாலே சேரியைத்தான் கைகாட்டுகிறார்கள். சபைகளிலும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

தோழர்களே, வேதாகமத்தையே திறந்து பாருங்கள். வெறிகொள்ளாதே என்பது எல்லோருக்கும் சொன்னது (எபேசியர் 5:18). ஆனால் பதவிக்கே தகுதியாக வைத்தது கண்காணிக்கு: மதுபானப்பிரியனாக இருக்கக்கூடாது (1 தீமோத்தேயு 3:3, தீத்து 1:7). அதே தீமோத்தேயுவுக்கு, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கும்படி 5:23-இல் ஆலோசனையும் உண்டு. ஒரு சொட்டும் கூடாது என்கிற போதனை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டன், அமெரிக்க மதுவிலக்கு இயக்கங்களிலிருந்து வந்த சரக்கு.

அதே நூற்றாண்டில் இங்கே நடந்தது வேறு. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேற்றுமை கூடாது, எல்லோரும் சேர்ந்தே திருவிருந்தில் பங்கெடுக்க வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையைவிட்டே விலகினார்கள். பாத்திரத்தில் இருந்த ரசத்தைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. அதில் தங்களுக்கு முன் யார் வாய் வைத்தார் என்பதுதான் கவலை.

அடுத்த சபைக் கமிட்டித் தேர்தலில் அந்த மூன்றாம் அதிகாரத்தை வேட்பாளர்கள் முன் வாசிக்கச் சொல்லுங்கள்.