எண்ணெயும் கணினியும்

ஜப்பானிலிருந்து தன்னியக்கக் கியர் வாகனங்கள் வந்து நமது வீதிகளில் பெருகியபின், "கியரை இப்போது கொம்பியூட்டர்தான் மாற்றுகிறது" என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி வரலாற்றில் இருக்கிறது.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் 1939 இல் அறிமுகப்படுத்தி, 1940 ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் கார்களில் பொருத்திய 'ஹைட்ரா-மெட்டிக்', பேரளவில் உற்பத்தியான முதலாவது முழுத் தன்னியக்கக் கியர்ப்பெட்டியாகும். ஏர்ல் தொம்சன் என்ற பொறியியலாளரின் தலைமையில் அது உருவாயிற்று. அங்கே தீர்மானத்தை எடுத்தது எண்ணெய். வாகன வேகம் கூடக்கூட, 'கவர்னர்' என்னும் உறுப்பு ஒரு பக்கத்து எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். சாரதி அக்ஸிலரேட்டரை மிதிக்க மறுபக்கத்து அழுத்தம் கூடும். இரண்டும் ஒரே வால்வை எதிரெதிராகத் தள்ளும். வேகம் வென்றால் கியர் உயரும். மிதிப்பு வென்றால் தாழ்ந்த கியரே நீடிக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க எம்5, எம்24 தாங்கிகளும் இப்பெட்டியுடனேயே ஓடின.

ஆயினும் தொழிற்சாலையில் சுருள்வில்லுக்கு வைத்த கணக்கே கடைசிவரை கணக்கு. எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா, கிளச்சுத் தட்டுகள் தேய்ந்துவிட்டனவா என்பதைக் கண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை.

1969 இல் பிரான்சின் ரெனோ 16 டீஏ காரில் இலத்திரனியல் கட்டுப்பாடு வந்தது. அடுத்த ஆண்டில் டொயோட்டாவும் அவ்வழியில் இறங்கியது. 1973 எரிபொருள் நெருக்கடி சிக்கனத்தைக் கட்டாயமாக்கியது. நுண்செயலிகள் மலிந்த 1980களில் இம்முறை பரவலாயிற்று. உணரிகள் வேகத்தையும் மிதிப்பையும் அளந்து சொல்ல, கணினி தீர்மானிக்க, 'சொலனொய்ட்' எனப்படும் மின்காந்த வால்வுகள் எண்ணெயின் பாதையைத் திறந்தன.

1989 இல் கிரைஸ்லரின் 'அல்ட்ராடிரைவ்' இன்னும் ஒரு படி ஏறியது. ஒவ்வொரு கியர் மாற்றமும் எப்படி நிகழ்ந்தது என்பதை அளந்து, தேய்மானத்துக்கு ஏற்ப அடுத்த மாற்றத்தைத் திருத்திக்கொள்ளக் கூடியது அது. கோளாறு கண்டால் இரண்டாம் கியரிலேயே நின்று, கராஜ் வரையாவது ஊர்ந்து செல்ல விடும். ஆனால், தொடக்க ஆண்டுகளில் அப்பெட்டிகள் ஏராளமாகப் பழுதடைந்தன. வடிவமைப்புக் குறைகளோடு, உரிய வகை எண்ணெய்க்குப் பதிலாக வேறு வகை ஊற்றப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். கற்றுக்கொள்ளும் கணினியாலும் பொருந்தாத எண்ணெயை ஈடுசெய்ய முடியவில்லை.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது இதுதான்: தீர்மானிக்கும் பொறுப்புத்தான் எண்ணெயிடமிருந்து கணினிக்குக் கைமாறியது, கிளச்சுகளை அழுத்திப் பிடிக்கும் வேலை பெரும்பாலான பெட்டிகளில் இன்றும் எண்ணெயினுடையதே. ஆகவே, கியர் இடறியதும் கொம்பியூட்டரை மாற்றவேண்டும் என்று பெருந்தொகை கேட்பவரிடம், எண்ணெயின் அளவையும் வகையையும் பார்த்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். பல வேளைகளில் அந்த ஒரு கேள்வியே உங்கள் பணத்தைக் காப்பாற்றிவிடும்.