ஒரு பற்றவைப்பு யந்திரத்தின் வரலாறு



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் நினைவுக்கு வருவது இயல்பு. இன்று நான் ஓர் இரும்புப் பெட்டியின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

திருநெல்வேலிப் பேட்டையில் என் பழைய மாணவர் ஒருவர் பட்டறை நடத்துகிறார். அங்கே நெடுங்காலம் உழைத்த மின்சாரப் பற்றவைப்பு யந்திரம் ஒன்று உண்டு; வழக்கில் அதை வெல்டிங் மிஷின் என்போம். நான் சென்ற அன்று அது வழக்கத்தினும் உரக்க உறுமியது; ஆனால் குச்சியின் நுனியில் தீ நிலைக்கவில்லை. பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் அவருடைய கூட்டாளி. "ஒரு நாள் பொறுங்கள்" என்றார் என் மாணவர்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பல தலைமுறைகள் கூடியிருந்தன. கரிக்கோலிலிருந்து எழும் மின்வில்லின் வெப்பத்தால் உலோகங்களை இணைக்கலாம் என்று 1881-இல் காட்டியவர் ருஷ்யப் பேரரசைச் சேர்ந்த நிக்கொலாய் பெனார்டோஸ். 1888-இல் ஸ்லாவ்யானோவ் என்பவர் கரிக்கோலை விட்டு, உருகும் உலோகக் கோலையே கையாண்டார். பெட்டியிலிருந்த மின்மாற்றி 1880-களில் உருப்பெற்ற கருவி. மாறுமின்னோட்டத்தை ஒரே திசையில் செலுத்தும் சிலிக்கன் டயோடுகளோ 1950-களுக்குப் பின் பரவியவை. இவை நம் பள்ளத்தாக்கில் பயன்பட வழிவகுத்தது, 1944-இல் இயங்கத் தொடங்கிய பாபநாசம் நீர்மின் நிலையம்.

பழுதை எங்கே தேடுவது? என் மாணவர் கடைமடை விவசாயியின் மகன். வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் அவருடைய தந்தையார் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே மடை மடையாகப் பார்த்து வருவாராம். மகனும் அவ்வாறே செய்தார். சோதிக்க வேண்டிய அளவுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து அளந்தார். உள்ளே வரும் 415 வோல்ட் சரியாக இருந்தது. மின்மாற்றியின் மறுபுறம் 70 வோல்ட், அதுவும் சரியே. டயோடுகளைத் தாண்டியதும் சுமார் 63 இருக்கவேண்டிய இடத்தில் 31 வோல்ட்டுதான் காட்டியது. பாதி நீர் அங்கே நின்றுவிட்டது!

மீண்டும் மின்சாரத்தை நிறுத்தி, நான்கு டயோடுகளையும் தனித்தனியே பிரித்துச் சோதித்தார். நல்ல டயோடு ஒரு திசையில் மின்சாரத்தை விடும். மறு திசையில் தடுக்கும். ஒன்று மட்டும் இரு திசையிலும் தடுத்தது.

"கிடைத்துவிட்டது, புதிதாக ஒன்றை மாட்டிவிடு தம்பி" என்றேன்.

"இது ஏன் செத்தது என்று தெரியவேண்டாமா ஐயா?" என்றார் அவர்.

அதே கேள்வியை வகுப்பறையில் எத்தனை முறை நான் கேட்டிருப்பேன்! அரசு வீழ்ந்த ஆண்டை மட்டும் எழுதிய பிள்ளைகளிடம், "ஏன் வீழ்ந்தது?" என்று விடாது வினவியவன் நான். அன்று நான் மறந்ததை மாணவர் மறக்கவில்லை.

மேலும் தேடினார். டயோடுகளைக் குளிர்விக்கும் விசிறி, தூசியும் இரும்புத்தூளும் அடைத்துச் சுழலாமல் நின்றிருந்தது. வெப்பம் தாளாமல் டயோடு மாண்டிருக்கிறது. முதலில் விசிறியைச் சீர்செய்து, பிறகே அதே அளவுள்ள புதிய டயோடைப் பொருத்தினார். மாலையில் மின்வில் நிலையாக ஒளிர்ந்தது.

ஓர் எச்சரிக்கை: இன்வெர்ட்டர் வகை யந்திரங்களில், மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும். தேர்ந்தவர் துணையின்றி அவற்றைத் திறக்கலாகாது.

டயோடு மாண்டது நிகழ்ச்சி. விசிறி நின்றது காரணம். காரணத்தைத் தேடாதவர் அதே பழுதை மறுமுறையும் சந்திப்பார். வரலாற்றைப் பயில்வதன் பயனும் இதுவே.