எய்ட்ஸ் என்ற பெயர் பிறந்த கதை

1981 ஜூன் 5. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்தர அறிக்கையில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு அரிதான நிமோனியா வந்திருந்தது. இருவர் இறந்துவிட்டார்கள். ஐவரும் தன்பால் ஈர்ப்பாளர்கள் என்ற விவரமும் அதிலேயே இருந்தது. விவரம் பொய்யில்லை. ஆனால் அதுவே நோயின் பெயருக்குள் புகுந்துகொண்டது. தன்பால் ஈர்ப்பாளர்களோடு தொடர்புடைய எதிர்ப்புச் சக்திக் குறைபாடு என்ற பொருளில் மருத்துவர்கள் 'கிரிட்' என்று சொல்லத் தொடங்கினார்கள். 1982 மே மாதம் அது நியூயார்க் டைம்ஸ் வரை போய்விட்டது.

அந்தப் பெயர் நிலைக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் வாழ்ந்த 34 ஹைட்டி நாட்டவர்களுக்கும், ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகள் மூவருக்கும் இதே பாதிப்பு இருப்பது தெரியவந்தது. ஜூலை 27 அன்று வாஷிங்டனில் அரசு அதிகாரிகள், ரத்த வங்கியினர், ஹீமோஃபீலியா நோயாளிகளுக்காகப் பேசியவர்கள், தன்பால் ஈர்ப்பாளர் அமைப்பினர் எல்லாரும் கூடினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் தரப்பும் அங்கே இருந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிறவியில் வராமல் பின்னால் வந்து சேர்ந்த குறைபாடு என்பதை மட்டும் சொல்லும் பெயர் முன்வந்தது: எய்ட்ஸ். செப்டம்பர் 24 அறிக்கையில் அது வரையறையோடு அச்சேறியது. எந்த மக்களையும் சுட்டாத பெயர்.

பெயர் திருந்தியது, அட்டவணை திருந்தவில்லை. 1983 மார்ச்சில் வந்த அறிக்கை, ஆபத்து மிகுந்த குழுக்கள் என்று பலருடன் உறவுகொள்ளும் தன்பால் ஈர்ப்பு ஆண்களையும், ஊசியில் போதை ஏற்றுபவர்களையும், ஹீமோஃபீலியா நோயாளிகளையும், அவர்களோடு ஹைட்டிக்காரர்களையும் வரிசைப்படுத்தியது. போதை ஏற்றுபவர்களை ஹெராயின் பயன்படுத்துபவர்கள் என்று சொன்னால் ஆங்கிலத்தில் நான்குமே 'எச்' எழுத்தில் தொடங்கியதால் 'நான்கு எச்' என்று மக்கள் வாயில் புகுந்துவிட்டது. மற்ற மூன்றும் கிருமி உள்ளே நுழையும் ஏதோ ஒரு வழியையாவது காட்டின. நான்காவது வெறும் பிறந்த நாடு. எப்படித் தொற்றியது என்று விசாரித்தபோது பதில் கிடைக்காத நோயாளிகளை அவர்கள் நாட்டின் பெயரிலேயே கணக்கில் சேர்த்தார்கள். புதிதாகக் குடியேறிய ஒருவர், தன் அந்தரங்கத்தை அந்நிய அதிகாரியிடம் எப்படித் திறந்து சொல்வார்?

அதற்கு மக்கள் கொடுத்த விலை பெரிது. ஹைட்டிக்காரர்கள் வேலையை இழந்தார்கள், வாடகை வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், பள்ளியில் பிள்ளைகள் கேலிக்கு ஆளானார்கள். ஹைட்டியின் சுற்றுலாத் தொழிலே படுத்துவிட்டது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் மருத்துவர் ஜான் வில்லியம் பாப்பும் சகாக்களும் நோயாளிகளை ஆராய்ந்துவந்தார்கள். மற்ற இடங்களில் பரவிய அதே வழிகளில்தான், உடலுறவாலும் ரத்தத்தாலும்தான், அங்கேயும் பரவியிருந்தது. 1985 ஏப்ரலில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஹைட்டிக்காரர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1990 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஹைட்டிக்காரர்கள் யாரும் ரத்த தானம் செய்யக்கூடாது என்று அறிவுறுத்தியது. அதை எதிர்த்து ஏப்ரல் 20 அன்று 50,000-க்கும் மேற்பட்டோர் நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தைக் கடந்து ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தடை விலக்கப்பட்டது. தன்பால் ஈர்ப்பு ஆண்களுக்கு இருந்த ரத்த தானத் தடை நீங்க இன்னும் நெடுநாள் ஆனது: 2023 மே மாதம்தான், நீ யார் என்று பார்க்காமல் கொடையாளர் எல்லாரிடமும் அண்மையில் நடந்துகொண்ட விதம் பற்றி ஒரே கேள்விகளைக் கேட்கும்படி அந்த நிர்வாகம் விதியை மாற்றியது.